பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை

என் தாத்தாவின் பெயர் குப்புசாமி. அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் ஓராண்டைத் தாண்டாமல் போனதால், நான்காவதாகப் பிறந்தவரை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் ஒரு முறை புரட்டி எடுத்து, யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று காலனை ஏமாற்றுவதற்காக அந்தப் பெயரை வைத்தார்களாம். அவருடைய தங்கையின் பெயர் பிச்சையம்மாள். பக்கத்து வீட்டுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கிய பிள்ளை. அடுத்தடுத்துப் பெண்ணாகவே பிறந்த வீடுகளில் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர். இந்தப் பெயர்களைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத காலத்தில், ஊர் தன் பிள்ளைகளின் சாவைக் குறித்து வைத்துக்கொண்ட பதிவேடாகவே அவை எனக்குத் தெரிகின்றன.

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகத் தலை எண்ணுவதே பிழைப்பு. அம்மா 1962-ல் துணைச் செவிலியராக அரசு வேலையில் சேர்ந்து, காவிரிப் படுகையின் கோரையாற்றங்கரைச் சிற்றூர்களில் 36 ஆண்டுகள் ‘நர்சம்மா’வாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தவன். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் கடமையாக 1991, 2001, 2011 ஆகிய மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் கணக்கெடுப்பாளனாகத் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். மணமான பெண்களிடம் கேட்க வேண்டியவற்றில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து இருக்கும்: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, அவர்களில் இப்போது இருப்பவர்கள் எத்தனை. 1991-ல் வயதான பெண்களிடம் அதைக் கேட்டபோது விரல் மடக்கி எண்ணுவார்கள், நடுவில் ஏதோ ஒரு விரலில் நின்று, “பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போனதையும் சேத்துக்கணுமா தம்பி?” என்பார்கள். ஒன்பது, ஐந்து என்று எழுதுவேன். எட்டு, நான்கு என்று எழுதுவேன். இருபது ஆண்டுகள் கழித்து அதே தெருவில் இளம்பெண்கள் இரண்டு, இரண்டு என்றார்கள், ஒருத்தி மட்டும், “ஒரே கேள்வியை ஏன் சார் ரெண்டு தரம் கேக்குறீங்க?” என்றாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே புரியவில்லை என்பதை நினைத்து, அன்று இரவு வெகுநேரம் உறக்கம் வராமல் கிடந்தேன்.

வகுப்பறையில் நான் நடத்திய பாடத்தில் இந்த மாற்றத்துக்கு ஒரு கோட்பாடு உண்டு. 1929-ல் வாரன் தாம்சன் என்ற அமெரிக்கர் நாடுகளைப் பிறப்பு, இறப்பு விகிதங்களைக் கொண்டு வகைப்படுத்தினார். 1945-ல் ஃபிராங்க் நோட்ஸ்டைன் அதை முழுக் கோட்பாடாக விரித்தார். பிறப்பும் இறப்பும் மிகுந்திருந்த சமூகத்தில் உணவும் மருந்தும் சுகாதாரமும் வர முதலில் இறப்பு குறைகிறது. பிறப்பு பழைய அளவிலேயே நீடிப்பதால் மக்கள்தொகை பொங்குகிறது. தொழில்மயமும் நகர்மயமும் கல்வியும் பெருகப் பிறப்பும் இறங்கி வந்து, இரண்டும் தாழ்ந்த நிலையில் மறுபடி சமமாகின்றன. கரும்பலகையில் இரண்டு கோடுகளை இழுத்து இதை விளக்கும்போது, எங்கள் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக வயலை உவமை சொல்வேன். மடையில் தண்ணீர் வருகிறது, வடிகாலில் போகிறது. வடிகாலை அடைத்துவிட்டு மடையை அப்படியே திறந்து வைத்தால் வரப்பு உடையும். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது. எனக்குத்தான் அந்த உவமை, நாள் செல்லச் செல்ல, கோட்பாடு சொல்லாத வேறொன்றையும் சொல்வதாகத் தோன்றத் தொடங்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காவிரிப் படுகையின் பழைய கணக்கு விசித்திரமானது. சேலம் போன்ற வறண்ட மாவட்டங்களைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் 1876-லிருந்து 1878 வரை நீடித்தது. அந்தப் பஞ்சம் நடுவில் விழுந்த பத்தாண்டில்கூடத் தஞ்சாவூர் மாவட்டத்தின் மக்கள்தொகை, 1871-ல் 19.7 லட்சமாக இருந்தது, 1881-ல் 21.3 லட்சமாகக் கூடியது. ஆறு காப்பாற்றியது. ஆனால் 1891-க்கும் 1901-க்கும் இடையில், பெரும்பஞ்சம் எதுவும் இங்கே இல்லாதிருந்தும், 22.3 லட்சத்திலிருந்து 22.4 லட்சம் என்ற அளவுக்குத்தான் நகர்ந்தது. நூற்றுக்கு ஒன்றுகூட ஏறவில்லை. காரணம் நாகப்பட்டினம் துறைமுகம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆட்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் ‘ரஜூலா’ கப்பல் நாகையைத் தொட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த காலத்தில், எங்கள் தாத்தாவின் தம்பி ஒருவரும் அதில் ஏறிப் போனார். பினாங்கிலிருந்து வந்த அவருடைய கடைசிக் கடிதம் 1941-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இந்திய மக்கள்தொகை கடைசியாகக் குறைந்தது 1911-க்கும் 1921-க்கும் இடையில், 1918-ன் விஷக்காய்ச்சல் அள்ளிக்கொண்டு போன பத்தாண்டில். அதன்பின் ஏறுமுகம்தான். ஆனால் படுகையில் காலரா அவ்வளவு எளிதில் விடவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தவுடன் ஊருக்கு ஊர் வாய்க்காலில் குளித்து, அதே வாய்க்காலில் குடிநீரும் எடுத்தவர்களின் நிலம் இது. அம்மா வேலையில் சேர்ந்த புதிதில் பார்த்த பிரசவங்களில் பாதிக்கு மேல் மருத்துவச்சி முதலில் கை வைத்தவை. தொப்புள்கொடியைக் கதிர் அரிவாளால் அறுத்துச் சாம்பல் வைப்பார்கள். ஒரு வாரத்தில் ரண ஜன்னி வந்து குழந்தை வில்லாக வளைந்துவிடும். கருவுற்ற பெண்ணுக்குத் தடுப்பூசி, கொதிநீரில் போட்ட பிளேடு, பிறகு உப்புச் சர்க்கரைக் கரைசல், கைப்பம்பு, அம்மைத் தடுப்பு என்று சின்னச் சின்னதாக வந்தவைதாம் வடிகாலை அடைத்தன. தேர்ந்தெடுத்த இடங்களில் பிறப்பு இறப்பைப் பதிந்து மதிப்பிடும் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 113 பேர் முதலாண்டிலேயே இறந்தார்கள். 2020-ல் அது 13. அம்மாவின் இரண்டு விடைகள் நான்கு, மூன்று. எனக்கு அடுத்துப் பிறந்தவன் சீதபேதியில் போனான். செவிலியரின் பிள்ளையே போன காலம் அது.

இறப்பு குறைந்ததன் விளைவை நாங்கள் நிலத்தில் பார்த்தோம். தாத்தாவுக்கு ஒரு வேலி நிலம், அதாவது 20 மா, ஏறக்குறைய ஆறரை ஏக்கர். அவருக்குத் தங்கிய ஐந்து பிள்ளைகளில் மூவர் ஆண்கள்; பாகப் பிரிவினையில் அப்பாவுக்கு ஆறு மா சொச்சம் வந்தது. அதை நானும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது ஆளுக்கு மூன்று மாவுக்குக் கொஞ்சம் கூடுதல். (தங்கைக்குப் பங்கு உண்டா என்று கேட்பீர்கள். பெண்களுக்குச் சமபங்கு தந்த 1989-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்துக்கு முன்பே அவளுக்கு மணமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். அதில் எனக்குப் பெருமை இல்லை.) ஒரு வேலியில் ஒரு குடும்பம் உண்ட இடத்தில், இரண்டே தலைமுறையில் மூன்று மாவில் ஒரு குடும்பம் நின்றது. மேட்டூர் அணை 1934-ல் வந்ததும், 1960-களில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், ஆடுதுறையின் ஏ.டி.டி. 27 நெல் பரவியதும் விளைச்சலைக் கூட்டின. பங்காளிகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடியது.

பிறப்பு ஏன் உடனே குறையவில்லை என்பதற்கு அரசாங்கத்திடம் அன்று ஆயத்தமாக இருந்த விடை மக்களின் அறியாமை. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையரான ஆர். ஏ. கோபாலசாமி, ஏற்கெனவே மூன்றோ அதற்கு மேலோ பெற்று, அவற்றில் ஒன்றாவது உயிரோடிருக்கும் தாய் மேலும் ஒரு பிள்ளை பெறுவதை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். அவர் பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராகவும் இருந்தார். அறுவை செய்துகொள்பவர்களுக்கு ரொக்கம் கொடுப்பதை 1950-களின் பிற்பகுதியிலேயே தொடங்கிய மாநிலம் இது. கோபாலசாமியின் அந்தச் சொல்லை நான் கல்லூரி நாளில் படித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னபோது, அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “முன்யோசனை இருந்ததாலதான் அத்தனை பெத்தாங்க. எட்டுப் பெத்தா நாலு தங்கும், அதுல ரெண்டு ஆம்பளப் புள்ளையா இருக்கும்னு கணக்குப் போட்டவ கிட்ட, ரெண்டோட நிறுத்துன்னா எப்படி நிறுத்துவா?” என்றார். பின்னாளில் நான் படித்த கனத்த புத்தகங்கள் இதற்கு மேல் பெரிதாக எதையும் சேர்த்துவிடவில்லை. பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகே பெண்கள் அம்மாவைத் தேடி வந்தார்கள். அந்த நம்பிக்கை வருவதற்கு ஊரில் ஒரு தலைமுறை ஆயிற்று.

சுவர்களில் குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ வாசகமும் எழுதப்பட்ட காலத்தில், ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பதே அம்மாவுக்கு ஊர் தந்த மறுமொழி. 1960-களில் அறுவைக்கு ஆண்களும் வந்தார்கள். நெருக்கடி நிலைக்குப் பிறகு ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதையே விட்டுவிட, சுமை முழுவதும் பெண்களின் தலையில் விழுந்தது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமாகிப் பிள்ளைபெறும் வயதிலிருக்கும் பெண்களில் 100-க்கு 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை ஒன்றைக்கூட எட்டவில்லை. மார்ச் மாதம் நெருங்கினால் அறுவைக்கு ஆள் சேர்க்கும் ‘கேஸ்’ எண்ணிக்கை முடியவில்லையே என்று அம்மா உறங்காமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இலக்கை எட்டாத செவிலியர்களை மேலதிகாரிகள் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்தார்கள் என்பதை அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் சொன்னார். அந்த இலக்கு முறை 1996-ல் நாடு முழுவதும் கைவிடப்பட்டது. ஏழ்மை ஒழியவும் உடல்நலத்துக்காகவும் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் 1930-லேயே எழுதியிருந்தார். அம்மாவின் பதிவேட்டில் அந்தக் காரணத்துக்குக் கட்டம் இல்லை. ஆயினும் புருஷனுக்குத் தெரியாமல் வந்து, பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்புறம் நின்று பேசிவிட்டுப் போன பெண்களை அவர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்.

இனிப் புதிருக்கு வருகிறேன். 1974-ல் புகாரெஸ்ட் நகரில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்று இந்தியாவின் சார்பில் கரண் சிங் சொன்னார். அதன்படி பார்த்தால் ஆலையும் நகரமும் வந்த இடத்தில்தான் பிறப்பு குறைந்திருக்க வேண்டும். எங்கள் படுகையில் எந்த ஆலை வந்தது? அரிசி அரைக்கும் ஆலையைத் தவிர்த்துப் பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். 2011-லும் திருவாரூர் மாவட்டத்தில் ஐந்தில் நால்வர் கிராமத்தில் வாழ்ந்தார்கள். மாநிலம் முழுவதிலுமோ ஏறக்குறையப் பாதிப்பேர் நகரவாசிகள். அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி, 1971-ல் 3.9 ஆக இருந்தது, 2005–06-ல் 1.8 ஆகி, 2020-ன் மாதிரிப் பதிவில் 1.4 ஆயிற்று. ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்ப 2.1 வேண்டும். இங்கிலாந்து பல பத்தாண்டுகள் நடந்து கடந்த தொலைவு இது. இங்கே என் அம்மாவின் பணிக்காலத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

படுகைக்கு வளர்ச்சி என்ற பெயரில் வந்தவை வேறு. ஊருக்கு ஊர் பஸ் வந்தது. மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் பெண்கள் தனியாகப் போய்வர முடிந்தது. நியாயவிலைக் கடை வந்தது. மதிய உணவு முதலில் காமராசர் காலத்தில், பிறகு 1982-ல் சத்துணவாக விரிந்து வந்தது. இவற்றுள் எதையும் பொருளாதார நூல்கள் கருத்தடைச் சாதனம் என்று சொல்வதில்லை. ஆனால் சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த பெண் பத்தாவது வரை தங்கிவிட்டாள் என்பதும், பத்தாவது வரை தங்கியவளைப் பதினாறு வயதில் கட்டிக்கொடுப்பது கடினமாயிற்று என்பதும் நான் வகுப்பறையில் கண்ணால் கண்டவை.

இதில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பெயர் அழியாமல் ஒட்டியிருக்கிறது. மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்து, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1962-ல் மறைந்தார். அவர் பெயரால் 1989-ல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்புவரை படித்து 18 வயது நிறைந்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் தந்தது. பிறகு தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது. கல்யாணத்துக்குக் காசு கொடுத்துப் படிக்க வைத்த தந்திரம் இது என்று நான் ரசித்ததுண்டு. சான்றிதழ் கேட்டு வந்த தகப்பன்மார்கள், “எட்டாவது முடிச்சிட்டா போதும்ல சார்?” என்றுதான் கேட்பார்கள், எட்டாவது முடித்த பெண்ணே ஒன்பதாவதுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நிற்பாள். 2022-ல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. கல்யாண உதவி படிப்பு உதவியாக மாறிய அந்த 33 ஆண்டுகளுக்குள் ஒரு சமூகத்தின் நோக்கமே இடம் மாறிவிட்டது.

பிள்ளையின் விலை மாறியது என்று இதை இன்னும் கறாராகச் சொன்னவர் ஜான் கால்டுவெல். நம் ஒப்பிலக்கணக் கால்டுவெல் அல்லர். இவர் ஆஸ்திரேலியர், 1980-களில் கர்நாடகத்துக் கிராமங்களிலும் ஆய்வு செய்தவர். செல்வம் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் பாயும் சமூகத்தில் பிள்ளை மிகுதியாக இருப்பதே அறிவு. பாய்ச்சல் திசை மாறிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகத் தொடங்கினால் எண்ணிக்கை தானே விழும் என்பது அவர் வாதம். இதை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்க்கக் கற்பனையே வேண்டியதில்லை. பண்ணையாள் வீட்டில் ஆறு வயதுப் பையன் மாடு மேய்த்தான், பத்து வயதில் நாற்று முடிச்சு சுமந்தான். அவனுக்கு வேண்டியது ஒருவேளைக் கஞ்சி. 1952-ல் வந்த தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த விவசாயத் தொழிலாளர் போராட்டங்களும், வெண்மணியில் 1968-ல் எரிந்துபோன 44 உயிர்களும், பண்ணை அடிமை முறையை உடைத்துக் கூலி உறவாக்கின. பிள்ளை பண்ணைக்கு ஆளாகப் போக வேண்டிய கட்டாயம் போனதும், அவன் பள்ளிக்குப் போகலாம் என்றாயிற்று. மேலத்தெருவைவிடக் கீழத்தெருவில் பிறப்பு வேகமாகக் குறைந்த சில ஊர்களை அம்மா பெயர் சொல்லிக் காட்டுவார். இன்றோ எங்கள் தெருவுக்குக் காலை ஏழரைக்கு மஞ்சள் வேன் வருகிறது. மூன்று மாவில் குறுவையும் சம்பாவும் போட்டால் செலவு போக மிஞ்சுவது, ஒரு பிள்ளையின் வேன் கட்டணத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பற்றாது. இரண்டாவது பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் என் மருமகள் கணக்கு நோட்டைத்தான் எடுக்கிறாள்.

வயல் உவமையில் ஒன்று மிச்சம் வைத்திருந்தேன். கரும்பலகைக் கோடுகள் சமூகத்தை ஒரு மூடிய பாத்திரமாக எடுத்துக்கொள்கின்றன: உள்ளே பிறப்பு, வெளியே இறப்பு, அவ்வளவுதான். எங்கள் வயலில் இன்னொரு வடிகால் எப்போதும் திறந்தே இருந்தது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் எட்டு சதவீதத்துச் சொச்சத்தில் நின்றன. அதே பத்தாண்டில் திருப்பூர் 29 சதவீதமும், சென்னையை ஒட்டிய அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 சதவீதமும் ஏறின. தஞ்சாவூரில் 1,000 ஆண்களுக்கு 1,035 பெண்கள். பெண் சிசுவைக் காப்பாற்றிய பெருமையாக மட்டும் இதை எடுத்துக்கொள்வது சரியாகாது. ஆண்கள் வேறெங்கோ இருந்த கணக்கும் இதில் இருக்கிறது. கூத்தாநல்லூரில் சிங்கப்பூர்ப் பணத்தில் கட்டிய மாளிகைகளும், எங்கள் ஊரில் துபாய்ப் பணத்தில் போட்ட கான்கிரீட் கூரைகளும், திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு மட்டும் வரும் பனியன் கம்பெனிப் பையன்களும் அந்த எண்ணின் மறுபக்கம்.

ஆகவே கோட்பாடு சொல்லும் வளர்ச்சி படுகைக்கு வராமல் போகவில்லை. நாங்கள்தாம் அதனிடம் போனோம். பிறப்பு இங்கே குறைந்தது, ஆலை அங்கே எழுந்தது. உழைக்கும் வயதினர் மிகுந்து சார்ந்திருப்போர் குறைந்திருக்கும் சில பத்தாண்டுகளில் ஒரு நாடு அடையும் ஆதாயத்தைப் பொருளியலார் மக்கள்தொகை ஈவு என்பார்கள். அந்த ஈவை விளைவித்த செலவில் படுகைக்குப் பெரும்பங்கு உண்டு: தடுப்பூசி இங்கே, சத்துணவு இங்கே, பாடம் இங்கே. பலன் அறுவடையானது திருப்பூரிலும் ஒரகடத்திலும் சிங்கப்பூரிலும். பணம் திரும்பி வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வந்தது, ஆனால் வீடாகவும் நகையாகவும் வந்தது, தொழிலாக வரவில்லை. இது குறையா என்றால் எனக்குத் தெளிவான விடை இல்லை. என் மகனை இங்கே இருத்தி வைத்து மூன்று மாவில் உழச் சொல்ல நானே ஆயத்தமாக இல்லாதபோது, பிறர் மகன்களைப் பற்றி அங்கலாய்ப்பது நாணயமாகாது.

ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் முதியவர்கள். 60 வயதைக் கடந்தவர்கள் 2011-ல் தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதமாவார்கள் என்று மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணித்திருக்கிறது. ஆள் வெளியேறும் மாவட்டங்களில் இது கூடுதலாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் அதைப் பார்க்கப் புள்ளிவிவரம் வேண்டாம், நடவு வயல் போதும். முப்பது ஆண்டுகளுக்கு முன் நாற்று நட்ட பெண்களே இன்னும் நடுகிறார்கள்; அவர்களுடைய மகள்கள் நடவில் இறங்குவதில்லை, பேத்திகளுக்கு நடவு தெரியாது. பல வயல்களில் நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்துவிட்டன. சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆண்கள் கூட்டமாக இறங்கி நடுகிறார்கள். கயிறு பிடிக்காமல், பாட்டில்லாமல், அசாத்திய வேகத்தில் நடுகிறார்கள் என்று ஊரார் முதலாண்டு வேடிக்கை பார்த்தார்கள். இப்போது தொலைபேசியில் முன்பதிவு செய்கிறார்கள். ஒரு காலத்தில் கப்பலேறிப் பிறர் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போன ஊருக்கு, பிறர் ஊரிலிருந்து கூலியாட்கள் ரயிலேறி வருகிறார்கள். தமிழ்நாடு 1962-லேயே தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. பிள்ளை அனுப்பும் பணத்துக்கு ஈடாகாது. ஆனால் பிள்ளையிடம் கேட்காமல் வெற்றிலை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கிழவி என்னிடம் சொன்னாள்.

இந்த நிலையில், பிள்ளை பெறச் சொல்லும் குரல் இப்போது எதிர்த்திசையிலிருந்து வருகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக, 1976-ல் நாடாளுமன்றத் தொகுதிகளின் பங்கீடு 1971-ஆம் ஆண்டுக் கணக்கோடு உறைய வைக்கப்பட்டது. 2001-ல் அந்த உறைவு, 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. 1971-ல் இந்திய மக்களில் 7.5 சதவீதமாக இருந்த தமிழ்நாடு, 2011-ல் ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. 2025 மார்ச் மாதம் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், முன்பெல்லாம் பொறுமையாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களிடம் சொன்னார். தொலைக்காட்சியில் அதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பில் 36 ஆண்டுச் சேவை முழுவதும் குலுங்கியது. தொகுதிப் பங்கீட்டைப் பற்றிய கவலை முற்றிலும் நியாயமானது என்பதே என் கருத்து; சொன்னதைச் செய்தவனுக்குத் தண்டனை என்றால் அடுத்த முறை எவன் செய்வான்? ஆனால் அழைப்பு விடுத்துப் பிறப்பைக் கூட்டிய நாட்டை நான் அறியேன். தென்கொரியா ஆண்டுக்கணக்கில் கோடிகோடியாகக் கொட்டிய பிறகும் 2023-ல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைதான். குறைவாகப் பெறுங்கள் என்று சொன்னபோதும் பெண்கள் சொன்னதற்காகக் குறைக்கவில்லை.

பெற விரும்பியும் பெற முடியாதவர்களின் வரிசை வேறு நீள்கிறது. பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் இரண்டு பிரசாதங்கள் உண்டு: கருத்தரிக்க நெய், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய். அம்மா சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் விளக்கெண்ணெய்க்காகப் போனவர்களையே மிகுதியும் கேள்விப்பட்டிருக்கிறார். பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பாக இருந்த காலம். சென்ற ஆண்டு அவரை அங்கே அழைத்துச் சென்றபோது, நெய் வாங்க நின்ற தம்பதியரில் பலர் முப்பதைக் கடந்தவர்கள். கும்பகோணம் சாலையில் திரும்பி வரும் வழியெல்லாம் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே சுவர்களில் சிவப்பு முக்கோணம் இருந்தது என்று அம்மா விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-ல் நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன் வீட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். பூட்டிய வீட்டுக்கும் எண் உண்டு. ஆள் இல்லை என்பதும் பதியப்பட வேண்டிய விவரமே. 2010-ல் பட்டியல் எடுத்தபோது எங்கள் தெருவின் 22 வீடுகளுக்கும் நான்தான் கதவுநிலைக்குப் பக்கத்தில் எண் எழுதினேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடுகளில் அது அடுத்த தையிலேயே மறைந்துவிட்டது. ஏழு வீடுகளில் இன்னும் என் கையெழுத்து அப்படியே இருக்கிறது.